முட்டை போட்ட பாம்புக்கு ‘பத்திய செட்’ விற்கிறான், ஏமாந்துவிடாதீர்கள்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, எனக்கு அந்த செட்டை விற்றவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இனி பொறுமையாக இருந்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். போனது 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பினாங்கில் பிறை பக்கம் ஃபேக்டரியில் ஷிப்டு பார்க்கிறவளுக்கு அது எத்தனை நாள் ஓவர்டைம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என்னிடம் ஒரு பால் பைத்தான் மலைப்பாம்பு இருக்கிறது, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸோடு. (பால் குடிக்காது. பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அம்மாவிடம் இதை நூறு முறை சொல்லியாயிற்று.) பெயர் செல்லாயி. போன மாதம் ஆறு முட்டை போட்டாள். அதற்கு முன்பே இரை எடுப்பதை நிறுத்தியிருந்தாள், அது வழக்கம்தான். ஆனால் முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்த பிறகும் வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். 1,820 கிராம் இருந்தவள் சமையலறைத் தராசில் 1,190 காட்டினாள். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போதுதான் அந்த ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. ஊர்வனங்களுக்குத் தீனியும் சாமானும் விற்கிறவர்கள், கேஎல் (கோலாலம்பூர்) என்று போட்டிருந்தது. பெயரைச் சொல்லவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்தால் பார்க்க என்னிடம் காசு இல்லை, இருந்த காசும் அங்கேதான் போனது. செல்லாயி மெலிந்து கிடக்கிற படத்தை அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது, தமிழ்ப் பையன். “அக்கா, எத்தனை முட்டை? எல்லாம் நல்ல முட்டையா? வயித்தைத் தடவிப் பாத்தீங்களா, உள்ள ஏதும் தங்கியிருக்கா?” எத்தனையோ பேரிடம் கேட்டிருந்தேன், ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். மீதியை அவன் அடுத்து சொன்னது பார்த்துக்கொண்டது: “பிள்ளை பெத்தவங்களுக்கு நம்ம வீட்டுல பத்தியம் பாத்துப் போடுறோம்ல, அதே மாதிரிதான் அக்கா.” ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ராத்திரியில் பாம்பு என்றுகூடச் சொல்லமாட்டார், ‘பூச்சி’ என்பார், அவரே “பாவம்டி, வாங்கிக் கொடு” என்றார்.

நாற்பது உறைந்த எலி, ஒரு பாட்டில் பசி மருந்து, மூன்று நாளில் சாப்பிடாவிட்டால் பணம் வாபஸ். 480 வெள்ளி. கடைக் கணக்கில் ஏதோ கோளாறு என்று யாரோ ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கு நம்பரைக் கொடுத்தான். பெயர் வேறாக இருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாலு நாள் கழித்துப் பெட்டி வந்தது. ஐஸ் மொத்தமும் தண்ணீர். எலிகள் வயிறு பச்சை பூத்து, நாற்றத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டிவிட்டார். எண்ணினால் இருபத்து மூன்றுதான். மருந்து பாட்டிலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தேன், அடியில் சிரிக்கிற குழந்தையின் பாதி முகம். ஆரஞ்சு சுவை, பிள்ளைகளுக்கான விட்டமின்!

கேட்டதற்கு முதல் நாள், “கூரியர் தப்பு அக்கா.” மறுநாள், “திரும்ப ஃப்ரீசர்ல வைங்க, சரியாயிடும்.” அப்புறம், மருந்தை ஊசிக்குழாயில் வாய்க்குள் பீய்ச்சச் சொன்னான், முட்டை கிடந்த தேங்காய் நாரை மாற்றாதீர்கள், அந்த வாசனையில்தான் தெம்பு வரும் என்றான். அதற்கு மேல் பாஸ் தைப்பிங் போயிருக்கிறார், பாஸுக்குக் காய்ச்சல், பாஸ் பார்த்துச் சொல்வார். பிறகு நீல டிக் மட்டும்.

கடைசியில் ஜார்ஜ்டவுனில் ஊர்வனம் பார்க்கிற கால்நடை டாக்டரிடம் போனேன். 90 வெள்ளி. வயிற்றை அமுக்கிப் பார்த்து, முட்டை எதுவும் தங்கவில்லை என்றார். அவன் சொன்னது அத்தனையும் தலைகீழ். முட்டை வாசனை இருக்கும்வரை, தான் இன்னும் அடைகாப்பதாகவே அது நினைக்குமாம்; இந்த இனம் முட்டையைச் சுற்றிக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மாதம் பட்டினி கிடக்கும். நாரைக் கொட்டிவிட்டுப் பெட்டியை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், அவளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து மூன்று நாள் தொடாமல் விடச் சொன்னார். ஊசிக்குழாய் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பாம்புக்கு மூச்சுக்குழல் வாய் நடுவிலேயே திறந்திருக்கும், மருந்து நேராக நுரையீரலுக்குப் போயிருக்கும். நல்லவேளை, எனக்குப் பயமாக இருந்ததால் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, வேறு இடத்தில் வாங்கிய சின்ன எலி ஒன்றைச் சுடுதண்ணீரில் சூடாக்கி, விளக்கை அணைத்துவிட்டு, இடுக்கியில் நீட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் டப் என்று ஒரு சத்தம், இடுக்கி கையில் ஆடியது. அம்மா வாசலிலிருந்தே, “பூச்சி சாப்பிட்டுச்சா?”

பெரிதாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரிசையாக வரவில்லை. தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அன்றைக்கே மோசடிப் புகார் நம்பர் 997-க்கு போன் அடியுங்கள், என்னைப் போல் பதினொரு நாள் காத்திருக்காதீர்கள். உருகி நாறின எலியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

இன்று காலை தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். கடைக்கு வேறு பெயர், அதே பத்திய செட், இப்போது 450 வெள்ளி, ஆஃபராம். மேலே படம் என் செல்லாயி. கீழே ‘மூன்றே நாளில் சாப்பிட்டது, நன்றி அக்கா’ என்று எழுதியிருக்கிறான்.