கர்சிவ் எழுத்து: யூகேஜியிலா, மூன்றாம் வகுப்பிலா?

பெங்களூரில் ஸ்கூல் தேடும் நம்மவர்கள் ஃபீஸ், வேன், டீச்சர் எல்லாம் விசாரிக்கிறார்கள், கர்சிவ், அதாவது இங்கிலீஷ் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது, எப்போது தொடங்குவீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கேளுங்கள். என் மகளுக்கு யூகேஜியிலேயே ஆரம்பித்தார்கள். மகன் வேறு பள்ளி, அங்கே மூன்றாம் வகுப்பில்தான். இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், மூன்றாம் வகுப்புதான் சரி.

யூகேஜியில் தொடங்கினால் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன பி, டி இரண்டையும் மாற்றிப் போடும் குழப்பம் குறையும். பிரிண்டில், அதாவது எழுத்துகளைத் தனித்தனியாக எழுதிப் பழகிய கையை அப்புறம் மாற்ற வேண்டியதும் இல்லை.

ஆனால் இந்த ஊரில் ஒரு குழந்தையின் தலையில் எத்தனை எழுத்து ஏறுகிறது என்று பாருங்கள். இங்கிலீஷில் பெரியதும் சின்னதுமாக 52, கர்சிவ் சேர்ந்தால் 104. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிபிஎஸ்இ பள்ளியானாலும் கன்னடம் உண்டு, அது 49 எழுத்து, ஒத்தக்ஷரம் என்கிற கூட்டெழுத்து தனி. பல பள்ளிகளில் இந்தியும் வரும். வீட்டில் நாம் சொல்லித்தரும் தமிழ் 247. இதற்கு நடுவில், கதைப் புத்தகத்தில் ஒரு வடிவம், நாலு கோடு நோட்டில் இன்னொரு வடிவம் என்றால் ஐந்து வயசுப் பிள்ளை என்ன செய்யும்? பிரான்சில் சின்ன வயதிலேயே கர்சிவ்தானே என்பார்கள். அங்கே பள்ளியில் ஒரே லிபி.

இணைப்புதான் ரொம்பப் படுத்தும். பெரும்பாலான எழுத்து கீழ்க்கோட்டில் முடியும். ஓ, வி, டபிள்யூ எல்லாம் மேலேயே முடியும், அடுத்த எழுத்தை அங்கிருந்தே இழுக்க வேண்டும். மகள் கோட்டைக் கீழே இறக்கிவிட்டு ஏற்றுவாள், ஓ போய் ஏ ஆகிவிடும், ஸ்பெல்லிங் தெரிந்தும் சிவப்பு மை. அழித்து அழித்தே தாள் கிழியும். மகனுக்கு மூன்றாம் வகுப்பில் இதைச் சொன்னதும் பிடிபட்டது. அவனுக்கு இயல்பிலேயே கை நிதானம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ஐந்தாம் வகுப்புவரை தள்ளுவதும் வேண்டாம். அதற்குள் பக்கம் பக்கமாக எழுதுகிற வேலை வந்துவிடும், எழுத்தைப் பழக நேரம் கிடைக்காது. உங்கள் பள்ளி யூகேஜியிலேயே ஆரம்பிக்கிறதென்றால், வீட்டிலும் காப்பி ரைட்டிங் நோட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அந்த அரை மணி நேரம் ஏதாவது வாசிக்கட்டும்.