வாங்கிப் போடுவதா, விதி போடுவதா, ஜன்னலை மாற்றுவதா?

விமானச் சத்தத்தாலும் விபத்து அபாயத்தாலும் விமான நிலையத்துக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் சண்டை வராமல் இருக்க, உலகெங்கும் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் கையாளுகிறார்கள். சுற்றியுள்ள நிலத்தை வாங்கிவிடுவது, அங்கே என்ன கட்டலாம் என்று விதி போடுவது, ஏற்கெனவே உள்ள வீடுகளுக்கு ஜன்னலை மாற்றி ஒலித்தடுப்பு செய்து தருவது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பலன் போச்சு. முற்றத்தில் உட்கார்ந்து பேசவும் அது உதவாது. விபத்து அபாயம் துளியும் குறையாது. வேறு வழியில்லாத பழைய வீடுகளுக்கு மட்டும் சரி.

நிலம் வாங்குவதுதான் உறுதியான வழி. 1995-இல் திறந்த அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் சுமார் 137 சதுர கிலோமீட்டரை வளைத்துப்போட்டது. வீடுகளுக்கு நடுவே சிக்கியிருந்த பழைய ஸ்டேப்பில்டன் நிலையம் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் கனடாவின் மிராபெல் விமான நிலையத்தைப் பாருங்கள். 1969-இல் அறிவித்து ஏறத்தாழ 97,000 ஏக்கரைக் கையகப்படுத்தி, விவசாயக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவேயில்லை. 2004-இல் பயணிகள் சேவையே நின்றுபோனது. நிலத்தில் பெரும்பகுதியை அதற்கு முன்பே திருப்பி விற்க வேண்டியதாயிற்று.

விதி போடுவதில் செலவு குறைவு, ஆனால் பிடி தளர்வு. விமான நிலையம் ஒருவர் பொறுப்பில் இருக்கும், கட்டட அனுமதி இன்னொருவர் கையில். வீடுகள் பெருகினால் உள்ளாட்சிக்கு வரி வருமானம். சத்தப் புகாரோ விமான நிலையத்தின் தலையில். அமெரிக்காவில் விமானச் சத்தம் ஆண்டுச் சராசரியாக 65 டெசிபலை (சத்தத்தின் அளவு) எட்டும் இடங்களைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள்; அந்தக் கோட்டுக்குள் வீடுகள் பொருந்தாது என்பது வழிகாட்டுதல். இரவு 10 முதல் காலை 7 வரை பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 டெசிபல் கூட்டித்தான் இதைக் கணக்கிடுகிறார்கள். விமானங்கள் அமைதியாக ஆக ஆக இந்தக் கோடு உள்ளே சுருங்கும். உடனே மனை போடுகிறவர்கள் வந்து நிற்பார்கள். பிறகு விமானங்கள் பெருகினால் கோடு மறுபடி விரியும், அதற்குள் வீடுகள் முளைத்திருக்கும்! ஆகவே இன்றைய போக்குவரத்தை வைத்துக் கோடு போடாமல், ஓடுபாதைகள் தாங்கக்கூடிய உச்ச அளவை வைத்துப் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் நேரே உள்ள பட்டையை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். விபத்து அபாயமும் விமானம் இறங்கும் சத்தமும் அங்கேதான் அதிகம். மற்ற இடங்களுக்கு விதி போதும்; வீடு வாங்குகிறவருக்கு அந்தக் கோட்டைப் பத்திரத்திலேயே காட்டிவிட வேண்டும்.

வாங்கிய நிலத்தை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. ஓடுபாதை முனையை விட்டுச் சற்றுப் பக்கவாட்டில் உயரம் குறைந்த சரக்குக் கிடங்குகள் பொருந்தும். ஏரியும் குப்பைக் கிடங்கும் பறவைகளை இழுக்கும் என்பதால், ஜெட் விமானங்கள் வரும் இடத்தில் அவற்றைச் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு. வயல்தானே என்று விட்டுவிடவும் முடியாது, தானியப் பயிருக்கும் பறவைகள் கூடும்.