தரையை உடைக்கும் முன் கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள்

கழிவுநீர் இறங்காமல் குளியலறையில் தேங்கினால், வருகிற ஆள் "உள்ளே குழாய் உடைஞ்சிருக்கு, தோண்டணும்" என்று சொல்லக்கூடும். உடனே தலையாட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தக்காரர் அப்படிச் சொல்லித்தான் டைல்ஸைப் பெயர்த்தார், புதுக் குழாய் போட்டார், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தடவை துணி துவைத்த தண்ணீரை விட்டதுமே கறுப்புத் தண்ணீர் மறுபடி மேலே வந்தது. அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை.

பாதாளச் சாக்கடைப் பிரிவில் புகார் கொடுத்தோம். வந்த ஊழியர் நேராகச் சுற்றுச்சுவர் ஓரத்துக்குப் போய், வீட்டின் கடைசி சேம்பர் (வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகும் முன் வந்து சேரும், மூடி போட்ட குழி) மூடியை நெம்பித் தூக்கினார். விளிம்பு வரை தண்ணீர் நின்றது. "அடைப்பு தெருவுல இருக்கு" என்றார். அந்த சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். அது காலியாக இருந்து வீட்டுக்குள் தேங்கினால், அடைப்பு வீட்டுக் குழாயில். (ஒரே ஒரு சிங்க்கிலோ வாஷ்பேசினிலோ மட்டும் தேங்கினால் பெரும்பாலும் அதன் அடியில் உள்ள வளைகுழாய்தான்.) தெரு மேன்ஹோலில் இயந்திரம் வைத்து அடைப்பை எடுத்ததும், எங்கள் சேம்பரில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. இந்தத் தொழிலிலேயே இருக்கிற அந்த ஒப்பந்தக்காரர் அந்த மூடியைத் தொடக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பொதுவாக, வளாகத்துக்குள் உள்ள குழாயும் சேம்பரும் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் ஓடும் பொதுக் குழாயும் மேன்ஹோலும் பாதாளச் சாக்கடை நிர்வாகத்தின் பொறுப்பு. தகராறு வருவது நடுவில், அதாவது எல்லையிலிருந்து பொதுக் குழாய் வரை போகிற துண்டில். சில இடங்களில் அதை நிர்வாகம் பார்க்கும். சில இடங்களில் பொதுக் குழாயில் சேருகிற இடம் வரை வீட்டுக்காரர் தலையில்தான் விழும். உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அடைப்பு வந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

மூடியைத் திறந்து பார்ப்பதோடு சரி, யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். அளவு கூடினால் மூக்குக்கு அதன் நாற்றமே தெரியாமல் போய்விடும்.

குழாய் உடைந்துதான் இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், உள்ளே கேமரா விட்டு அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை கடப்பாரையை எடுக்க விடாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள்.