பரிசலிலும் அடுப்படியிலும்: மூன்று குட்டி கேமரா, ஒரு போன்

போன மாதம் பெரியப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, ஆக்‌ஷன் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கட்டும்?" தலையிலோ வண்டியிலோ மாட்டிக்கொண்டே வீடியோ எடுக்கிற குட்டி கேமராவைத்தான் சொன்னான். எதையெல்லாம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். "வத்தல்மலை ரைடு, ஒகேனக்கல், அப்புறம் வீட்டுல சும்மா எல்லாத்தையும்தான்" என்றான்.

அவன் கடைசியாகச் சொன்ன அந்த "சும்மா எல்லாத்தையும்" இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டப்பகலில் மலையும் அருவியும் எடுக்க இன்று விற்கிற எந்த நல்ல ஆக்‌ஷன் கேமராவும் போதும், சண்டையே வேண்டாம். எங்கள் பாட்டி, அதாவது ஆயா, அடுப்படியில் களி கிண்டுவதை எடுக்கச் சொல்லிப் பாருங்கள், எது தேறும், எது திணறும் என்று அங்கேதான் தெரியும்.

என்னிடம் இருப்பது டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ. ஓசூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் கோப்ரோ ஹீரோ 13 பிளாக், அவன் வீட்டம்மா குழந்தையை எடுக்க வாங்கிய இன்ஸ்டா360 கோ 3எஸ். மூன்றும் 2024-ல் வந்தவை. சில வாரம் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு சுற்றினோம், பாக்கெட்டில் எப்போதும் போல போனும் இருந்தது. எடையைச் சொல்லிவிடுகிறேன்: ஹீரோ 13 பேட்டரியோடு 159 கிராம், ஆக்‌ஷன் 5 ப்ரோ 146 கிராம், கோ 3எஸ் வெறும் 39 கிராம். முதல் இரண்டையும் தலையில் மாட்டினால் அரை மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். மூன்றாவதை மாட்டியதே மறந்துபோகும், அது நல்லதா கெட்டதா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. புகைகிற கல் என்று பெயர் வைத்தவர்கள் கேமராக்காரன் கஷ்டத்தை அன்றே சொல்லிவிட்டார்கள். அருவிக்குப் பக்கத்தில் பரிசல் போனதும் சாரல் வந்து லென்ஸில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் வீடியோ முழுக்க நடுவில் ஒரு சொட்டு. தண்ணீர் தாங்குவதில் மூன்றுமே கெட்டி: ஹீரோ 13-ம் கோ 3எஸ்-ம் 10 மீட்டர் ஆழம் வரை, ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரை. கோ 3எஸ்-ல் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அந்தக் குட்டி கேமராதான் தண்ணீருக்குள் போகும், அது உட்கார்ந்து சார்ஜ் ஆகிற, திரை வைத்த கூடு தெறிப்பைத்தான் தாங்கும். பரிசலில் ஏறும் முன் கூட்டைப் பையில் போட்டுவிடுங்கள். 10 மீட்டரா 20 மீட்டரா என்று பரிசல்காரருக்குக் கவலையே இல்லை. என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த டப்பாவைக் கயித்துல கட்டு, உழுந்தா ஆத்துக்குத்தான்" என்றார். சரியான பேச்சு. இவை எதுவும் தானாக மிதக்காது, மிதக்கிற கைப்பிடியையோ ஒரு நல்ல கயிற்றையோ சேர்த்தே வாங்குங்கள். கரையில் குரங்கு இருக்கிறது, அதற்கு தின்பண்டமும் கேமராவும் ஒன்றுதான்.

பரிசலை நடு ஆற்றில் கிறுகிறுவென்று சுற்றிவிடுவார்கள் இல்லையா, அந்த இடத்தில் ஒரு வேடிக்கை. ஹீரோ 13, ஆக்‌ஷன் 5 ப்ரோ இரண்டிலும் படம் ஆடாமல் பிடிக்கிற வசதி அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது, தொடுவானம் கோடு போட்டது போல நேராக நிற்கிறது, வீட்டில் போட்டுப் பார்த்தால் நாங்கள் ஏதோ லிஃப்டில் நின்றதுபோல் இருக்கிறது. பயமும் கூச்சலும் காதில் விழுகிறது, கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பரிசலில் மட்டும் அந்த நிலைப்படுத்தலை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் கொஞ்சம் தெரிந்தால்தான் அது ஆறு.

இன்னொன்று, குளிக்கிற இடத்திலும் எண்ணெய் மசாஜ் நடக்கிற பக்கத்திலும் கேமராவை அணைத்துவிடுங்கள். நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தால் யார் யாரோ உங்கள் வீடியோவில் வருவார்கள். போனை நீட்டினால் அடுத்தவருக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டையில் ஒட்டிய 39 கிராம் யார் கண்ணிலும் படாது. பிறகு வருகிறேன் என்று மேலே சொன்னது இதைத்தான்.

பைக் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். தொப்பூர் கணவாய், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டு ரோடு, வத்தல்மலை வளைவு, மூன்று இடத்திலும் பகல் வெளிச்சத்தில் ஹீரோவையும் ஆக்‌ஷனையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஹீரோ 13-ல் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, வேகம், பாதை, உயரம் எல்லாம் வீடியோ மேல் காட்டலாம். முந்தைய ஹீரோ 12-ல் அதை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுவந்தார்கள். ஆக்‌ஷன் 5 ப்ரோவில் உள்ளே ஜிபிஎஸ் கிடையாது. ரைடர் என்றால் இந்த ஒரு காரணத்துக்கே கோப்ரோ பக்கம் சாயலாம். தொப்பூரில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது கேமரா ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், மேலே டோல்கேட் பக்கமே ஓடவிட்டு மறந்துவிடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் யானை வந்தால் வீடியோவுக்காக வண்டியை நிறுத்த வேண்டாம், இதற்குக் கேமரா விமர்சனம் தேவையில்லை.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி எடுப்பதைத்தான் நான் தடுப்பேன். பைக் எஞ்சினின் பலமான அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தையும் ஃபோகஸையும் காலப்போக்கில் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. பல போன்களில் லென்ஸ் நுண்ணிய காந்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, ஆக்‌ஷன் கேமராவில் அப்படி அசைகிற பாகம் இல்லை, நிலைப்படுத்தல் எல்லாம் கணக்குப் போட்டு மென்பொருள் செய்வது.

இனி அடுப்படி.

எங்கள் ஆயா இன்னும் விறகடுப்பில்தான் கேழ்வரகுக் களி கிண்டுகிறார். சுவரெல்லாம் புகை கறுப்பு, ஒரே ஒரு சின்ன ஜன்னல், ஒரு எல்இடி பல்பு. துடுப்பை இரண்டு கையாலும் சுழற்றுவார், ஆவி மேலே வரும், தீ கீழே. இருட்டும் வெளிச்சமும் அசைவும் ஆவியும் ஒன்றாக வருகிற இடம், எந்தக் கேமராவுக்கும் இதைவிடப் பெரிய பரீட்சை எனக்குத் தெரியாது.

இங்கே சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, அதன் அளவுதான் பேசும். ஆக்‌ஷன் 5 ப்ரோவில் இருப்பது 1/1.3 அங்குல வகை, ஹீரோ 13-ல் 1/1.9, கோ 3எஸ்-ல் 1/2.3. கீழே இருக்கிற எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரிது, இதில் குழம்பிப்போகிறவர்கள் நிறைய. முதலாவதன் பரப்பு இரண்டாவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது அதே அடுப்படியில் அவ்வளவு அதிக வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் போதாத கேமரா என்ன செய்யும் தெரியுமா, வீடியோவில் வரிசையாக ஓடுகிற ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃபிரேமையும், நேரம் எடுத்துப் பிடிக்கும், அந்த நேரத்துக்குள் ஆயா கை நகர்ந்துவிடும், கை ஒரு தீற்றலாக விழும். மென்பொருள் ஃபிரேமை நேராக்கித் தரும், ஆனால் ஃபிரேமுக்குள் பதிந்துவிட்ட தீற்றலை அதனால் அழிக்க முடியாது. மங்கலான இடத்தில் வீடியோ ஒரு மாதிரி நடுங்குவது இதனால்தான், அதைக் கை நடுக்கம் என்று நினைத்து நிலைப்படுத்தலை இன்னும் ஏற்றினால் மோசமாகும். குறையுங்கள், முடிந்தால் அணைத்துவிட்டு ஒரு இடத்தில் வையுங்கள்.

களி வீடியோ மூன்றையும் டிவியில் போட்டுப் பார்த்தோம். ஆக்‌ஷன் 5 ப்ரோவில் ஆயா முகச்சுருக்கமும் தெரிந்தது, தீயும் வெள்ளைத் திட்டாகவில்லை. மற்ற இரண்டிலும் சென்சாருக்கு ஏற்ற புள்ளிப் புள்ளி இரைச்சல், ஹீரோவில் குறைவு, குட்டியில் அதிகம். ஆனால் ஆயா சிரித்துப் பேசியது குட்டியில் மட்டும்தான். மற்ற இரண்டையும் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார், என் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் காந்தத்தில் தொங்கியதைக் கேமரா என்றே எண்ணவில்லை. அப்புறம் சொல்லிக் காட்டிவிட்டேன், திட்டும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் காந்தம் பற்றி ஒரு வார்த்தை: கழுத்தில் மாட்டி நெஞ்சுக்கு நேரே தொங்கவிடுகிற காந்தம் அது, இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை மாட்டிக்கொள்ளவே கூடாது.

பல்பு வெளிச்சத்தில் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறதா? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவை நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேமில் வைத்தால் சில பல்புகளோடு ஒத்துப்போகாது. செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றி, வீட்டுக்குள் 25 அல்லது 50 ஃபிரேமில் எடுங்கள். கேமரா சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போன ஒருவரை இந்த ஒரு மாற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

மாந்தோப்புக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாமா தோப்பில் பெங்களூரா காய் இறக்குகிற நாளில் இரண்டு கையும் தொரட்டியோடு போய்விடும், கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லோடு என்பதால் நின்று படம் பிடிக்க நேரமும் கிடையாது. போன் இங்கே வேலைக்கே ஆகாது. தொப்பியில் கோ 3எஸ்-ஐ ஒட்டிக்கொண்டு, வலைக்குள் காய் விழுவதை என் கண் பார்த்தபடியே எடுத்தது இன்றைக்கும் எனக்குப் பிடித்த வீடியோ. அதன் வலி பேட்டரி, குட்டி மட்டும் தனியாக 40 நிமிடம்கூட ஓடாது, கூட்டுக்குள் திரும்பத் திரும்ப வைத்து எடுக்க வேண்டும். மெமரி கார்டும் போட முடியாது, வாங்கும்போது 64 ஜிபியா 128 ஜிபியா என்று முடிவு செய்ததுதான் முடிவு. 128-ஐ எடுங்கள்.

பெரிய கேமராக்களுக்கு அங்கே எதிரி வெயில். காற்றே இல்லாத மே மாத மதியத்தில் கிளையில் கட்டி 4கே என்கிற மிகத் தெளிவான அளவில், நொடிக்கு 60 ஃபிரேமில் விட்டால் எந்த ஆக்‌ஷன் கேமராவும் சூடாகும், பைக்கில் காற்று அடித்துக் காப்பாற்றுகிறது, மரத்தில் அது இல்லை. முன்பு என்னிடம் இருந்த ஒரு கேமரா, பெயர் வேண்டாம், சரியாக லோடு ஏறும் நேரத்தில் அணைந்துபோய் உட்கார்ந்தது. இப்போது 4கே 25-ல்தான் எடுக்கிறேன், சூடும் குறைவு, கார்டும் மிஞ்சுகிறது. 4கே 60-ல் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தாலே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போய்விடும். இதில் ஆக்‌ஷன் 5 ப்ரோவுக்கு ஒரு சௌகரியம், கார்டை வீட்டில் மறந்து வந்தாலும் உள்ளேயே 47 ஜிபி இருக்கிறது. நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன். ஹீரோ 13-ல் கார்டு இல்லை என்றால் படமும் இல்லை. கார்டு வாங்கினால், வேகமாகப் பதிகிற கார்டு என்று காட்டுகிற வி30 குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எருது விடும் விழாவில் மூன்று கேமராவும் தோற்றன, போன் ஜெயித்தது. மாடியில் நின்று எடுத்தோம், தெருவுக்குள் இறங்கி நிற்கிற தைரியம் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் வேண்டாம். ஆக்‌ஷன் கேமரா லென்ஸ் பரந்த கோணம், பக்கத்தில் இருப்பதைப் பிரமாண்டமாகவும் தூரத்தில் இருப்பதைக் கடுகாகவும் காட்டும். சீறி வந்த காளை வீடியோவில் ஓடுகிற எறும்பு மாதிரி இருந்தது. மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் உள்ள போனில் கொம்பில் கட்டிய துணியும் கிளம்பிய புழுதியும் தெளிவாக வந்தது. தூரத்துக் காட்சிதான் உங்கள் வேலை என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, வீட்டு வீடியோவில் பாதி அதுதான். ஆக்‌ஷன் 5 ப்ரோ அதே கம்பெனியின் வயர்லெஸ் மைக்கை நேராகப் பிடித்துக்கொள்கிறது, ஹீரோ 13 புளூடூத் இயர்பட்ஸை மைக்காக எடுத்துக்கொள்ளும், வயர் மைக்குக்குத் தனியாக ஒரு இணைப்பு வாங்க வேண்டும்.

விலை? 2024-ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் ஹீரோ 13 399 டாலர், ஆக்‌ஷன் 5 ப்ரோ 349. இங்கே விலை கடைக்குக் கடை மாறுகிறது, அதைவிட முக்கியம் பில்லில் வாரண்டி யார் பெயரில் இருக்கிறது என்பது. வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு இரண்டாயிரம் குறைவு என்றால் பழுதானால் யாரிடம் போவது என்று முதலில் கேளுங்கள். பழைய கோப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல், ஹீரோ 9 முதல் 12 வரையிலான பேட்டரிகள் 13-க்குப் பொருந்தாது, அலமாரியில் இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள்.

பெரியப்பா பையனுக்கு ஆக்‌ஷன் 5 ப்ரோ சொன்னேன், வீட்டையும் எடுக்கிறேன் என்றதால். ரைடு மட்டும் என்று சொல்லியிருந்தால் ஹீரோ 13 என்றிருப்பேன். தோப்பு மாமா கேட்காமலே கோ 3எஸ் வாங்கிவிட்டார், தொப்பியில் ஒட்டிக்கொண்டு உர மூட்டை எண்ணுவதைக்கூட எடுத்து அனுப்புகிறார். ஆயாவுக்கு எது பிடித்தது என்று கேட்டேன். "எதுலயும் களி வேகற வாசன வரலியே" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.