கிளவுட்ஃப்ளேர் இலவச கேஷ்: வேகத்தைவிடக் கூட்டணிதான் லாபம்

தளத்தின் கோப்புகளுக்கு நகலெடுத்து, உலகெங்கும் உள்ள தன் சர்வர்களில் வைத்து, பார்வையாளருக்கு அருகிலிருந்தே அனுப்புகிற நிறுவனம் கிளவுட்ஃப்ளேர்; அப்படி நகல் வைப்பதுதான் கேஷ் (cache). படங்கள் நிறைந்த சிறிய தளம் நடத்துகிறவர்களுக்கு அதன் இலவசத் திட்டத்தைத் தயங்காமல் சொல்வேன். வேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, மற்ற நிறுவனங்களோடு அவர்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள்.

கிளவுட் ஸ்டோரேஜில் கோப்பை வைத்திருக்க ஆகும் செலவு குறைவு, அதை வெளியே எடுக்கும்போதுதான் பில் ஏறும். 2018-இல் கிளவுட்ஃப்ளேர் பேண்ட்வித் அலையன்ஸ் என்ற கூட்டணியைத் தொடங்கியது, சேர்ந்த நிறுவனங்கள் தங்களிடமிருந்து கிளவுட்ஃப்ளேருக்குப் போகும் டேட்டாவுக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ முழுதாக விடவோ ஒத்துக்கொண்டன. கூட்டணியில் உள்ள பேக்பிளேஸ் என்ற ஸ்டோரேஜ் நிறுவனத்தில் படங்களை வைத்து முன்னால் கிளவுட்ஃப்ளேரைப் போட்டால் அந்தப் பரிமாற்றத்துக்குக் காசே இல்லை. தொடக்கத்தில் அமேசான் இதில் சேரவில்லை, ஆகவே எங்கே சேமிக்கிறோம் என்பதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் இந்த கேஷ் தொழிலில் பணம் போடுவது புதிதல்ல. 1999-லேயே ஆப்பிள், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதே தொழிலில் உள்ள அகமாய் நிறுவனத்தில் முதலீடு செய்தன. 2015-இல் கிளவுட்ஃப்ளேர் திரட்டிய 11 கோடி டாலரில் கூகுளின் முதலீட்டுப் பிரிவு, மைக்ரோசாஃப்ட், சீனத் தேடல் நிறுவனமான பைடு, சிப் நிறுவனமான குவால்காம் எல்லாம் இருந்தன, கூகுள், மைக்ரோசாஃப்ட், பைடு என்று தேடலில் போட்டி போடுகிற மூவரும் ஒரே இடத்தில்! தங்கள் உள்ளடக்கமும் சேவையும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற தேவை எல்லோருக்கும் பொது, இல்லையா?

சரி, பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே கேஷ் ஆகும், பக்கத்தின் எச்டிஎம்எல் (உரையும் அமைப்பும் உள்ள கோப்பு) ஆகாது, அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். எழுதும்போது லாகின் செய்த பக்கங்களைக் கட்டாயம் விலக்குங்கள், இல்லாவிட்டால் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவர் திரையில் வந்து நிற்கும் ஆபத்து உண்டு. சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்பான ரெஸ்பான்ஸ் ஹெடரில் ஹிட் (கேஷிலிருந்து வந்தது) என்று வருகிறதா, டைனமிக் (கேஷ் ஆகவில்லை) என்று வருகிறதா என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும். வீடியோவுக்கு இந்த இலவசத் திட்டத்தை நம்ப வேண்டாம், அவர்கள் விதிமுறையே அதைக் கட்டுப்படுத்துகிறது.

ஒரே நிறுவனத்தின் பின்னால் இவ்வளவு தளங்கள் நிற்பது எனக்குக் கவலைதான். 2025 நவம்பரில் அவர்கள் முடங்கியபோது சாட்ஜிபிடி, எக்ஸ் போன்றவையும் சேர்ந்து தடுமாறின. அதனால் டொமைன் (தளத்தின் பெயர்) பதிவை மட்டுமாவது வேறு நிறுவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நெருக்கடி வந்தால், அந்தப் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் நேம்சர்வரை நாமே மாற்றிக்கொள்ளலாம்.