மாநாட்டுக்கு நேரில் போவதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா: ஜோஹன்னஸ்பர்க்கில் என் எட்டு வருஷ அனுபவம்

ஜோஹன்னஸ்பர்க் வந்து எட்டு வருஷம் ஆகிறது. மிட்ராண்டில் வீடு, சாண்ட்டனில் வேலை. பணப் பரிமாற்ற மென்பொருளுக்கு பேக்எண்ட் (பயனர் கண்ணில் படாத சர்வர் பக்க நிரல்) எழுதுவதுதான் பிழைப்பு. இதுவரை ஏழு மென்பொருள் மாநாடுகளுக்கு நேரில் போயிருக்கிறேன். இணையத்தில் பதிவு செய்தவை இருபதுக்கு மேல். அவற்றில் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவை நான்கு. விமர்சனத்தில் பாதி இந்த எண்ணிலேயே முடிந்துவிட்டது என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

2020 மார்ச் கடைசியில் இங்கே ஊரடங்கு தொடங்கியபோது, இணையவழி மாநாடுகளை வரம் என்றுதான் நினைத்தேன். காரணம் காசு. அமேசானின் ரீஇன்வென்ட் மாநாட்டுக்கு 2019ல் நுழைவுச்சீட்டு மட்டும் 1,799 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 26 ஆயிரம் ராண்ட். அதற்கு மேல் லாஸ் வேகஸுக்கு விமானம், ஓட்டல், இந்திய பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவுக்குக் காத்திருப்பது வேறு. இத்தனைக்கும் அங்கே கொண்டாடப்படும், இணையத்தில் கணினியை வாடகைக்குத் தரும் ஈசி2 சேவையை உருவாக்கிய குழு உட்கார்ந்து வேலை பார்த்தது நம் கேப் டவுனில்! 2020ல் அதே மாநாடு மூன்று வாரம், இணையத்தில், இலவசம். விடுவேனா?

முதல் நாள் சுகமாகத்தான் போனது. அங்கே காலை 8 மணி என்றால் இங்கே மாலை 6. டீயும் முறுக்குமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு ஜன்னலில் பேச்சு, இன்னொன்றில் அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக். மாநாட்டில் இருக்கிறேன் என்று மேலாளரிடம் சொன்னால், "வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஒரு நிமிஷம் இதைப் பாருங்கள்" என்பார். விமானம் ஏறிப் போனவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சரி, விடுப்பு போட்டு உட்காரலாம் என்றால், பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவும் நியாயம்தான்.

அப்புறம் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. 2022, 2023 இரண்டு வருஷமும் இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்வெட்டு அட்டவணையை ஒரு கையிலும் மாநாட்டு அட்டவணையை மறு கையிலும் வைத்துக்கொண்டு எந்தப் பேச்சு தப்பும் என்று கணக்குப் போடுவோம். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கியது நான் செய்த உருப்படியான செலவு. அது இல்லாத நாட்களில் கைபேசி இணையத்தை நம்பிப் பலன் இல்லை. அடுத்தடுத்து நான்கு மணி நேரம் வெட்டினால் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சார்ஜ் ஏற நேரமே கிடைக்காது, சிக்னலும் போய்விடும்.

இணையவழியில் எனக்கு மனம் நிறைந்தது ஒன்றுதான்: 2021 பிப்ரவரியில் நடந்த ஃபாஸ்டெம். வழக்கமாகப் பிரசெல்ஸில் கட்டணமில்லாமல் நடக்கும் திறமூல (நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும்) மென்பொருள் மாநாடு அது. அந்த வருஷம் பேச்சுகளை முன்கூட்டியே பதிவு செய்து ஓட்டினார்கள். பேச்சு ஓடும்போதே பேசியவர் அரட்டையில் உட்கார்ந்து பதில் சொன்னார். மேடையில் நிற்பவரால் இது முடியாது. நமக்கும் பிரசெல்ஸுக்கும் அந்த மாதத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் தூக்கமும் கெடவில்லை. மற்ற மாநாடுகளின் மெய்நிகர் கூடங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். குட்டி பொம்மையாக நடந்து போய் இன்னொரு பொம்மையின் பக்கத்தில் நின்றால் கேமரா திறக்கும். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்துவிட்டு விலகிப் போவோம்.

நேரில் போனதில் டர்பனில் நடந்த ஒரு சின்ன மாநாட்டைச் சொல்ல வேண்டும். என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். பேச்சுகள் சுமார் ரகம்தான். டீ வரிசையில் எனக்கு முன்னால் அறுபது வயதை நெருங்கிய ஒருவர் நின்றார். பெயர் அட்டையில் கோவெண்டர். ஐந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பமாம். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தது தாத்தா, அக்கா, தம்பி மாதிரிச் சில சொற்கள். என் ஊர் திருநெல்வேலி என்றதும் நான் "தம்பி" ஆகிவிட்டேன். அவர் எனக்கு அங்கிள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்.

அன்று எனக்கு ஒரு தலைவலி இருந்தது. மாதா மாதம் 25ஆம் தேதி, சம்பள நாளில், எங்கள் டேட்டாபேஸ் இணைப்புகள் (நிரல் டேட்டாபேஸோடு பேசும் வழிகள், அவற்றுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு) தீர்ந்துபோய் எல்லாம் நின்றுவிடும். இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தோம், பயனில்லை. அங்கிளிடம் சொன்னேன். அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே ஒன்று கேட்டார்: "தம்பி, டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே வேறு சேவையைக் கூப்பிடுகிறீர்களா?"

கூப்பிட்டோம். மோசடிச் சோதனைக்கு. டிரான்சாக்‌ஷன் என்பது முழுதாக முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் ஒரு கட்டு, முடியும்வரை ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். சம்பள நாளில் அந்தச் சேவை மெதுவாகும். அதன் பதில் வரும்வரை ஒவ்வொரு இணைப்பும் பூட்டோடு காத்திருக்கும். சோதனையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் டிரான்சாக்‌ஷனைத் திறக்கும்படி மாற்றினோம். அடுத்த 25ஆம் தேதி நிம்மதியாகத் தூங்கினேன்.

இதை நான் இணையவழி மாநாட்டில் கேட்டிருக்கவே மாட்டேன். பெயருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் ஒட்டியிருக்கும், எழுதுவதெல்லாம் பதிவாகும் ஓர் அரட்டையில் நம் வீட்டு ஓட்டையை யார் போய்ச் சொல்வார்கள்? அன்று மதியம் அங்கிள் பன்னி சாவ் வாங்கிக் கொடுத்தார். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தருவது. பெயரைக் கேட்டதும் ஊரில் அம்மா முகத்தைச் சுளித்தார். அது ஆட்டுக்கறிதான் என்று புரியவைக்க நேரமாயிற்று.

இப்போது என் வழக்கம் இதுதான். வெளிநாட்டு மாநாடு எதற்கும் நேரலையில் உட்காருவதில்லை. பதிவுகள் வந்ததும் ஒன்றரை மடங்கு வேகத்தில், வேண்டியதை மட்டும் பார்க்கிறேன். மிச்சமாகும் காசும் விடுப்பும் வருஷத்துக்கு ஓர் உள்ளூர் மாநாட்டுக்கு. தொடக்க உரை மட்டும் விதிவிலக்கு. அதற்கு எங்கள் வீட்டு வரவேற்பறையில் நாலைந்து தமிழ் டெவலப்பர்கள் கூடுவோம். மாவு மதுரைக்காரர் பொறுப்பு, சட்னி என் மனைவியுடையது, தோசை சுடுவது நான். போன முறை உரை பாதி கூட ஓடவில்லை, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்து அண்ணன், சோதனை டேட்டாபேஸ் என்று நினைத்து வேறொன்றை அழித்த கதையைத் தொடங்கியிருந்தார்.