அக்காவின் தொடை எலும்பு வலி: டிரிப்ஸா, தோலடி ஊசியா?

என் அக்கா குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்கிறாள். மிதியை அழுத்தும்போதெல்லாம் வலது தொடைக்குள் ஆணி இறங்குவது போல வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்தே மாதங்களைக் கடத்தினோம். வேலூரில் எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் ஒரு பகுதி, தேய்த்த கண்ணாடி போல மங்கியிருந்தது. நோயின் பெயர் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா. திடமான எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடும் அரிய நோய். கருவில் ஒரு செல்லின் ஜிஎன்ஏஎஸ் மரபணுவில் நேரும் மாற்றமே காரணம். பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. அக்காவுக்கு இரண்டு பெண்கள். அதைக் கேட்ட பிறகுதான் அன்று அவள் சாப்பிட்டாள்.

மருந்துகளை ஒப்பிடும் முன், வலி விரிசலால் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். விரிசல் இருந்தால் தேவை எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர்தான். இந்த நோயாளிகளில் சிலருக்குச் சிறுநீரில் பாஸ்பேட் வீணாகும். அதுவும் எலும்பை வலிக்க வைக்கும். வைட்டமின் டி அளவும் முக்கியம். வேலூர் வெயிலில் அது குறையுமா என்று கேட்காதீர்கள். காலை முதல் மாலை வரை தறிக்கூடத்துக்குள் இருப்பவருக்கு வெயில் ஏது?

பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகள் போதாமல் போகும்போதுதான் எலும்புத் தேய்மானத்தை அடக்கும் மருந்துகளின் பேச்சு வரும். அவற்றில் அலெண்ட்ரோனேட் மாத்திரையை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். அமெரிக்காவில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மிஞ்சியவை மூன்று. பாமிட்ரோனேட் இந்த நோய்க்கு நீண்ட காலமாகப் பழகிய மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 60 மில்லிகிராம், தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் டிரிப்ஸ். அதாவது மூன்று நாள் பஸ், துணைக்கு வருபவரின் மூன்று நாள் கூலி. ஜோலிட்ரானிக் அமிலமும் அதே குடும்பம்தான். ஆனால் 15 நிமிடம் முதல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் முறை காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இரண்டும் பலருக்கு வலியைக் குறைத்திருக்கின்றன. நார்த்திசுவை மறையச் செய்வதில்லை.

டெனோசுமாப் தோலுக்கடியில் போடும் ஊசி. 2023இல் வெளியான சிறிய ஆய்வில் எட்டுப் பெரியவர்களுக்கு உயர்ந்த அளவில் கொடுத்தபோது நோயின் வேகம் தணிந்தது, பாதித்த இடத்தில் எலும்பும் உருவானது. படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஜோலிட்ரானிக் அமிலம் எலும்பிலேயே நெடுநாள் தங்கும், டெனோசுமாப் தங்காது. நிறுத்தினால் அடக்கி வைத்த எலும்புத் தேய்மானம் வேகமாகத் திரும்பி, ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். குழந்தைகளுக்கு இது இன்னும் மோசம். தறி ஓடாத மாதத்தில் கைச்செலவுக்கே திண்டாடும் குடும்பத்தால் தவணை தவறாமல் ஊசி போட முடியுமா? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் இதைப் பரிசீலிக்கலாம். அங்கும் கால்சியம் சட்டென இறங்கும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் முதலில் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இந்த மருந்துகள் செலுத்திய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

நாங்கள் ஜோலிட்ரானிக் அமிலத்தையே தேர்ந்தோம். இரண்டு இரவு காய்ச்சல் அடித்தது. சில வாரங்களில் வலி பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அடுத்த டிரிப்ஸ் எப்போது என்பதை வலி திரும்புவதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர். தறிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், வலித்த நாட்களை அக்கா பென்சிலால் வட்டமிட்டு வருகிறாள்.